கடைக்கே போகாத இதழுக்கு எதற்குக் கடை அட்டை?

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது என்று சொன்னாலே போதும், அட்டை எப்படி இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம். மேலே நாலைந்து லோகோ வரிசையாக நிற்கும். அதற்குக் கீழே தங்க நிறத்தில், நிழல் வைத்து, இதழின் பெயர். நடுவில் இரட்டைக் கோபுரம், திருவள்ளுவர், பட்டமளிப்புத் தொப்பி, திறந்த புத்தகம், எல்லாவற்றுக்கும் பின்னால் உதிக்கிற சூரியன். பினாங்கு என்றால் கோபுரம் இருக்கும் இடத்தில் பாலம். கீழே ‘மாற்றத்தை நோக்கி’ மாதிரி ஒரு கருப்பொருள் வரி, வருடம், மூலையில் பார்கோடு. கேலி செய்வது சுலபம். ஆனால் இதில் ஒவ்வொன்றும் எங்கிருந்தோ ஒரு காரணத்தோடு வந்தது. அந்தக் காரணங்களில் பாதி மாணவர் இதழுக்குப் பொருந்தாதவை, மீதிப் பாதி யாரும் வெளியே சொல்லாதவை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அட்டை விதிகள் என்று நாம் சொல்வதெல்லாம் பத்திரிகைக் கடையில் பிறந்தவை. கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவிலோ பிரிக்ஃபீல்ட்சிலோ ஒரு பத்திரிகைக் கடை முன்னால் நின்று பாருங்கள். இதழ்களை ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல் அடுக்கியிருப்பார்கள், பின்னால் இருப்பதில் மேல்பட்டை மட்டும் தெரியும், பக்கவாட்டில் அடுக்கினால் இடது ஓரம் மட்டும் தெரியும். அதனால்தான் பெயர் உச்சியில், பெரிதாக. அதனால்தான் முக்கியமான அட்டை வாசகங்கள் இடது பக்க மூன்றில் ஒரு பங்குக்குள். நடுவில் நம்மை நேராகப் பார்க்கிற ஒரு முகம், ஏனென்றால் நடந்து போகிறவரை ஒரு நொடி நிறுத்த மனித முகத்தைப் போல வேறெதுவும் உதவாது. டைம் இதழ் 1927 முதல் சிவப்புக் கட்டம் போட்டுக்கொண்டிருப்பதும், விகடன் தாத்தா அத்தனை வருடமாக உட்கார்ந்திருப்பதும் இதே கணக்குதான், பத்தடி தள்ளி நின்றாலும் இது இன்ன இதழ் என்று தெரிய வேண்டும்.

சரி, நம் சங்கத்து மலர் எந்தக் கடையில் தொங்குகிறது? எந்தக் கடையிலும் இல்லை. தீபாவளி இரவிலோ இலக்கிய விழாவிலோ வாசலில் மேசை போட்டுக் கையில் கொடுக்கிறார்கள், அல்லது ஐந்து வெள்ளி பத்து வெள்ளிக்கு நண்பர்கள் தலையில் கட்டுகிறார்கள். பக்கத்தில் போட்டி இதழே கிடையாது. அப்படியிருந்தும் கடை விதிகள் ஏன் அப்படியே வந்து உட்கார்கின்றன?

ஒரு காரணம் பழக்கம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். இங்கிலாந்தின் ஓசிஆர் தேர்வு வாரியம் ஏ லெவல் ஊடகப் பாடத்தில் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு பயிற்சி வைத்திருந்தது: ஒரு புதிய பள்ளி அல்லது கல்லூரி இதழுக்கு முன்னட்டை தயாரிக்க வேண்டும், அதில் ஒரு மாணவரின் மார்பளவுப் படம் இருக்க வேண்டும், இதழின் பெயரும் ஒழுங்காக அடுக்கிய வாசகங்களும் இருக்க வேண்டும். அந்தப் பயிற்சியைச் செய்த பிரிட்டிஷ் பிள்ளைகள் தாங்கள் ஆராய்ந்த அட்டைகளை அம்புக்குறி போட்டு, இது மாஸ்ட்ஹெட் (இதழின் பெயர்ப்பட்டை), இது பார்கோடு என்று எழுதி இணையத்தில் ஏற்றிவைத்தார்கள். இன்று இங்கே ஒரு துணைச்செயலாளர் தம்பி ‘மாணவர் இதழ் அட்டை எப்படி அமைப்பது’ என்று ஆங்கிலத்தில் தேடினால் அந்தப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம்தான் வந்து விழுகிறது. அவர்கள் பரிசோதகரிடம் மதிப்பெண் வாங்கக் கடை இதழைப் போலச் செய்தார்கள். நாம் அதையே சட்டமாக எடுத்துக்கொண்டோம். இலவசமாகக் கொடுக்கிற மலரில் பார்கோடு முளைப்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் நம் மலருக்கு இன்னொரு மூதாதையும் உண்டு, அதுதான் மூத்தது: பள்ளி ஆண்டிதழ். 1816-இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல், 1893-இல் தொடங்கிய கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் போன்ற பழைய பள்ளிகளின் ஆண்டிதழ் மரபு இங்கே நீண்டது. அந்த மரபில் அட்டை என்றால் பள்ளிச் சின்னம், பெயர், வருடம், அவ்வளவுதான். யாரையும் கவர வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அது பதிவேடு. அந்த வருடம் யார் தலைமையாசிரியர், யார் ஓட்டத்தில் ஜெயித்தது, எந்த வகுப்பில் யார் யார் என்று வைத்திருக்கிற ஏடு. தமிழ்ப்பள்ளி இதழ்களும் சங்க மலர்களும் இந்த வழியில்தான் வந்தன. அப்புறம் கணினியும் கடை இதழ் மோகமும் வந்ததும் இரண்டையும் ஒரே அட்டையில் திணிக்கத் தொடங்கினோம். பதிவேட்டுக்குச் சின்னமும் வருடமும் வேண்டும், கடை இதழுக்கு முகமும் வாசகமும் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து இடம் ஒரு ஏ4 தாள்.

இந்தச் சண்டையில் பாவப்பட்டுப் போனது வருடம். பத்து வருடம் கழித்து யாராவது அந்த மலரைத் தேடினால் எதை வைத்துத் தேடுவார்கள்? தான் படித்த வருடத்தை வைத்து. மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் பேரவைக் கதைகள் தொகுப்பைப் பற்றிப் பேசும்போதும் எத்தனையாவது தொகுப்பு என்றுதானே கேட்கிறோம். கருப்பொருள் வரியை வைத்து யாரும் எந்த மலரையும் தேடியதாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் அது அரை அட்டையை அடைத்துக்கொள்கிறது, வருடம் எறும்பு அளவில் மூலையில் கிடக்கிறது. என்னைக் கேட்டால் வருடத்தை இதழின் பெயருக்கு அடுத்த பெரிய எழுத்தாகப் போடலாம்.

இனி யாரும் சொல்லாத காரணங்கள். மாணவர் இதழின் அட்டையை முதலில் பார்ப்பது வாசகர் இல்லை, அனுமதி கொடுக்கிறவர். ஆலோசகர், துறைத் தலைவர், மாணவர் விவகாரப் பிரிவு என்று மேலே போகப் போக அட்டை மெல்ல மெல்ல மழுங்கும். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, பின்னணி அப்படி. 1954-இல், மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில், அங்கிருந்த சோசலிஸ்ட் மன்றத்தின் ஃபஜார் இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காக எட்டு மாணவர்கள்மேல் தேசநிந்தனை வழக்கு போட்டார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. ராஜகுமார் எல்லாம் அந்த எட்டுப் பேரில் உண்டு. வழக்கு நிற்கவில்லை, விடுதலையானார்கள். அதற்குப் பிறகு 1971-இல் மாணவர் நடவடிக்கைகளைக் கட்டுப்படுத்தும் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம், 1984-இல் அச்சையும் வெளியீட்டையும் கட்டுப்படுத்தும் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம். பலமுறை திருத்தியிருக்கிறார்கள், இன்றைய நிலைமை அன்றைக்குப் போல இல்லை. ஆனால் ஒரு கேள்வியை அட்டையில் பெரிய எழுத்தில் போடலாமா என்று வரும்போது எல்லாருடைய கையும் தானாகப் பின்னால் போகிறது. கடை இதழின் உயிரே அந்தக் கேள்விதான், ‘ஏன் நம் பிள்ளைகளுக்கு விடுதி கிடைப்பதில்லை?’ மாதிரி. மாணவர் மலரில் அதே விஷயம் உள்ளே பக்கம் 34-இல் இருக்கும், அட்டையில் ‘ஒன்றுபடுவோம் உயர்வோம்’ என்று இருக்கும்.

நிறத்துக்கும் இதே கதை. தமிழருக்கு மஞ்சள் மங்கலம், மலாய் மரபில் அது அரச நிறம். 2015-இல் தேர்தல் சீர்திருத்தம் கேட்ட பெர்சே பேரணியின் மஞ்சள் சட்டை தடைசெய்யப்பட்ட பிறகு முழு மஞ்சள் அட்டை என்றால் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் ‘வேண்டாமே’ என்பார். கடைசியில் மெரூனும் தங்கமும் ஜெயிக்கும். மெரூன் யாருக்கும் எதிரி இல்லை.

லோகோ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகம், புலம், மாணவர் பிரிவு, சங்கம், இணை ஏற்பாட்டாளர், சில நேரம் பணம் கொடுத்த நிறுவனம். லோகோ எங்கே, எவ்வளவு இடைவெளியோடு வர வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் வழிகாட்டி வைத்திருக்கும், பெரும்பாலும் மேலேதான். ஆக, கடை விதிப்படி பெயர் இருக்க வேண்டிய இடத்தை லோகோக்கள் பிடித்துவிட, பெயர் கீழே இறங்குகிறது, படம் அதற்கும் கீழே நசுங்குகிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது, பலர் முயல்வதில்லை: கட்டாயமான ஒன்று அல்லது இரண்டை மட்டும் முன்னட்டையில் வைத்துவிட்டு மற்றவற்றைப் பின்னட்டைக்குக் கொண்டுபோவது. விளம்பரதாரருக்கு அங்கேதான் மதிப்பும் அதிகம். நகைக்கடைக்காரரும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரரும் பின்னட்டைக்குத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறார்கள், மேசைமேல் இதழைக் கவிழ்த்துப் போட்டால் தெரிவது அதுதானே.

நடுவில் ஏன் ஒரு மாணவரின் முகம் இல்லாமல் பல படங்களை ஒட்டிய கூட்டுப்படம் வருகிறது என்றால், எந்த மாணவர் என்று முடிவு செய்ய முடியாததுதான். தலைவரைப் போட்டால் சுயவிளம்பரம். அழகான பிள்ளையைப் போட்டால் அந்தப் பேச்சு வேறு மாதிரி போகும். முதல் வகுப்பில் தேறியவரைப் போட்டால், எந்தத் துறை என்று கேட்பார்கள். இந்திய மாணவர் சங்கத்தில் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி என்று எல்லாரும் இருப்பார்கள், சமயமும் ஒன்றில்லை. யாருக்கும் வருத்தமில்லாத உருவம் வேண்டும், அங்கேதான் வள்ளுவர் வருகிறார். வேணுகோபால் சர்மா வரைந்த அந்த உருவத்தில் சமயக்குறி எதுவும் கிடையாது, வெள்ளை ஆடை, கையில் ஓலையும் எழுத்தாணியும். இப்போது இணையத்தில் தேடினால் காவி உடுத்தியும் திருநீறு பூசியும் வேறு வேறு வள்ளுவர்கள் கிடைக்கிறார்கள், 2019-இல் தமிழ்நாட்டில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்தது. அவசரத்தில் முதலில் வந்த படத்தை இழுத்துப் போட்டுவிட்டு அச்சான பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

முகம் வேண்டும், சண்டை வேண்டாம் என்றால் செயலைப் படமெடுக்கலாம். உறுமி அடிக்கிற கைகள், ஒத்திகை நடக்கிற மண்டபத்தின் பின்புறம், பரீட்சைக்கு முந்தின இரவு நூலக மேசை. கோபுரத்தைவிட இவை அந்த வருடத்தைச் சரியாகச் சொல்லும். பினாங்கில் ஆர்மீனியன் ஸ்ட்ரீட் சைக்கிள் பிள்ளைகள் சுவரோவியத்தை எத்தனை அட்டையில்தான் போடுவது, அது 2012-இலிருந்து அங்கேயே இருக்கிறது, எந்த வருடத்து மலருக்கும் பொருந்தும் என்பதுதான் அதன் குறை.

இப்போது எழுத்து. ஆங்கில அட்டை விதிகள் தமிழில் உடைந்து போவது இங்கேதான், இதைப் பற்றி யாரும் அந்த வீட்டுப்பாடங்களில் எழுதவும் முடியாது.

படத்தில் இருப்பவரின் தலை இதழின் பெயரை லேசாக மறைப்பது ஆங்கில இதழ்களில் சர்வசாதாரணம். டைம் இதழில் எத்தனையோ தலைகள் நடு எழுத்தை மறைத்திருக்கின்றன, இருந்தாலும் வாசித்துவிடலாம். தமிழில் எழுத்தின் உயிர் மேலும் கீழும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ‘எழுச்சி’ என்று பெயர் வைத்து, தலைமுடி ச்-இன் புள்ளியை மறைத்தால் அது எழுசசி. கடைசி எழுத்தின் விசிறியை மறைத்தால் எழுச்ச. ஆக, தமிழ்ப் பெயரின்மேல் படம் ஏற வேண்டுமென்றால் புள்ளியும் கொக்கியும் இல்லாத எழுத்துப் பக்கமாகப் பார்த்து ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பரப்பி வைக்கிற பாணி. ஆங்கிலத்தில் அது நாகரிகமாகத் தெரியும். தமிழில் அப்படி இழுத்தால் சில மென்பொருள்களில் கொ, மோ எல்லாம் கழன்று கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும். எழுத்தைச் சுற்றிக் கனமான வெளிக்கோடு போட்டால் ண, ஞ, ன இவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், தூரத்திலிருந்து எல்லாம் ஒரே கறுப்பு உருண்டை. இரண்டு வரியில் பெயர் வைத்தால் மேல்வரியின் கூ, மூ கீழே இறங்கி அடுத்த வரியின் கீ, மீ விசிறியோடு மோதும், அதனால் ஆங்கிலத்துக்கு வைப்பதைவிட வரி இடைவெளி தாராளமாக வேண்டும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லாததால் முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டு அழுத்தம் கொடுக்கிற வித்தையும் நடக்காது. அழுத்தம் வேண்டுமென்றால் அளவு, தடிமன், நிறம் இவைதான். தங்க நிழல் அழுத்தம் தராது, மங்கல்தான் தரும்.

எழுத்துரு விஷயத்தில் நம் ஊருக்குக் கொஞ்சம் பெருமை சேரும். கணினியில் தமிழைக் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் மலேசியரான முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் மென்பொருள் அவருடையது, மேக்கில் இருக்கிற இணைமதி எழுத்துருவும் அவர் வடித்ததுதான். இருந்தும் பல சங்கங்களில் இன்னும் யாரோ ஒரு மூத்தவர் பென்டிரைவில் விட்டுப்போன பழைய எழுத்துரு ஓடிக்கொண்டிருக்கிறது. ஒருங்குறி, அதாவது யுனிகோட், 1991-இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. பாமினி மாதிரியான பழைய முறை எழுத்துருவில் செய்து, அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், இதழின் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறி நிற்கும், அங்கே வேலை செய்கிறவருக்குத் தமிழ் தெரியாததால் அப்படியே அச்சாகியும் விடும். ஒருங்குறியில் செய்தாலும் பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் பத்தி அமைப்பை வேர்ல்டு ரெடி கம்போசருக்கு மாற்றவில்லை என்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். பெயரை எழுத்தாக அனுப்பாமல் வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். கூகுள் எழுத்துருக்களில் கேட்டமரான், ஹிந்த் மதுரை, பாலு தம்பி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. பாலு தம்பி தடிமனாக இருந்தாலும் சுழிகளைத் திறந்து வைத்திருக்கும், அட்டைக்கு நல்லது.

அச்சு பற்றிச் சுருக்கமாக. ஏ4 அட்டைக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் விட்டால் 216-க்கு 303, அதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கிட்டால் ஏறக்குறைய 2551-க்கு 3579 பிக்சல். வாட்ஸ்அப்பில் வழக்கமான தரத்தில் வருகிற படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல் சுற்றுவட்டாரம்தான், முழு அட்டைக்கு நீட்டினால் பாதித் தரம்கூட இராது. ‘அண்ணா, படம் அனுப்பிட்டேன்’ என்று செய்தி வந்தால் கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள். திரையில் மின்னுகிற நீலமும் பச்சையும் நாலு மை அச்சில் செத்துப்போகும், எனவே ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். நடுவில் பின் அடிக்கிற மலருக்குப் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக இருக்க வேண்டும், முதுகு கிடையாது. பசை போட்டு ஒட்டுகிற மலருக்கு முதுகு உண்டு, அதில் பெயரும் வருடமும் எழுதுங்கள், அலமாரியில் நிற்கும்போது அட்டை என்பது அந்த முதுகு மட்டும்தான். அதைக் காலியாக விடுகிற சங்கங்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

பார்கோடு வேண்டுமா என்று கேட்டால், விற்கிற கடை இல்லாவிட்டால் வேண்டாம். அலங்காரத்துக்காக இணையத்திலிருந்து எடுத்து ஒட்டினால் அது ஏதாவது பிஸ்கட் பொட்டலத்தின் எண்ணாகக்கூட இருக்கலாம். இதழ்களின் பார்கோடு 977 என்று தொடங்கும், அதற்குள் இருப்பது ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண். அந்த எட்டு இலக்க எண் மட்டும் உண்மையில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியது, தொடர்ந்து வருகிற வெளியீடுகளுக்கு இங்கே தேசிய நூலகம் தருகிறது. முன்னட்டையின் வலது மேல் மூலைதான் அதற்குப் பரிந்துரைக்கப்படும் இடம். நூலகத்தில் உங்கள் மலர் பிழைத்திருக்க அது உதவும். அச்சகத்தின் பெயர், முகவரி, வெளியிடுபவரின் பெயர், முகவரி இரண்டும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ இருக்க வேண்டும் என்று 1984 சட்டம் சொல்கிறது, அதை மறந்துவிட்டு வாழ்த்துரைப் படங்களின் வரிசைக்காக மூன்று கூட்டம் நடத்துகிறார்கள்.

கடை அலமாரி போய்விட்டாலும் இப்போது வேறொரு அலமாரி வந்திருக்கிறது. மலர் கைக்கு வருவதற்கு முன்பே அட்டையை இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் வெளியிட்டுவிடுகிறார்கள், பெரும்பாலானோர் பார்ப்பதும் அதை மட்டும்தான். ஏ4 தாளை நாலுக்கு ஐந்து என்ற அளவில் வெட்டினால் 297 மில்லிமீட்டர் உயரத்தில் 262 சொச்சம்தான் மிஞ்சும். நடுவிலிருந்து வெட்டினால் மேலே 17, கீழே 17 மில்லிமீட்டர் காணாமல் போகும். கடைக்காரர் அலமாரியில் தெரிய வேண்டும் என்று நூறு வருடமாக உச்சியில் ஒட்டிவைத்த பெயரின் தலையும், அடியில் வைத்த வருடமும் சேர்ந்தே போகும். பெயரை உச்சியிலிருந்து இரண்டு சென்டிமீட்டராவது கீழே இறக்குங்கள், வருடத்தையும் அதே அளவு மேலே ஏற்றுங்கள். முடித்த அட்டையைக் கட்டைவிரல் நகத்தளவு சுருக்கி வைத்துப் பெயரைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள், அந்தப் பெயரை இதற்கு முன் கேள்விப்படாத ஒருவரிடம் காட்டினால் இன்னும் நல்லது.